சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது லேப் சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபது. "அம்மா, சாப்பிட ஆரம்பிக்கிற நேரத்தைப் பாத்து வச்சுக்கிடுங்க. அதுலருந்து சரியா ரெண்டு மணி நேரம். முந்தியும் வரக்கூடாது, பிந்தியும் வரக்கூடாது" என்று ரத்தம் எடுக்கிற பெண் சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறேன், இது ஆறாவது தடவை, ஆறு தடவையும் இதைப் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்லியிருக்கிறாள். பக்கத்து ஹோட்டலில் எனக்கு மூன்று இட்லி, என் வீட்டுக்காரருக்குப் பூரி. பூரி வேண்டாமே என்று முன்பெல்லாம் சொல்வேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷன் காலையிலேயே எண்ணெயில் பொரித்ததைத் தின்னலாமா என்று சர்வர் காதில் விழுகிற மாதிரியே சொல்வேன். இன்றைக்குச் சொல்லவில்லை. நாலு மாதமாக நான் யாரையும் எதையும் வேண்டாம் என்று தடுப்பதில்லை. அவர் ஒன்றரைப் பூரியோடு இலையை மடக்கிவிட்டார். நான் முதல் இட்லியைப் பிட்டபோது மணி ஏழு முப்பத்தைந்து. ஆக ஒன்பது முப்பத்தைந்து. அதுவரை இந்த உடம்பை லேப் கூடத்து நீல நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் மாதத்துப் பாளையங்கோட்டை வெயில் எட்டு மணிக்கே ஜன்னல் வழியாக வந்து காலில் ஏறுகிறது. பக்கத்து நாற்காலியில் அவர் பேப்பரை விரித்து வைத்திருக்கிறார். கால் மணி நேரமாக ஒரே பக்கம். முப்பது வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறவர், கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துப் பழகிய கண், பேப்பரையும் அப்படித்தான் தள்ளிப் பிடித்து அதைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. எங்கள் மகள் உலகம்மை போய் நாலு மாதமும் ஆறு நாளும் ஆகிறது. எங்களுக்கு அவள் உலகு. பிறந்ததிலிருந்து நடக்காத, பேசாத, தானாகத் திரும்பிப் படுக்கவும் முடியாத பிள்ளை. இருபத்திரண்டு வயசு. முப்பத்தாறு கிலோ. அவள் எடை எனக்கு அவள் வயசைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் வயசை நான் தூக்கவில்லை.

இந்த உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். காலை ஐந்து மணிக்குக் கண் தானாகத் திறக்கிறது. கால் கட்டிலை விட்டு இறங்குகிறது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது இருபது, கொஞ்சம் நிறுத்தி மறுபடி இருபது. பாயில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது. அப்புறம் மைதானத்தில் ஆறு சுற்று. வந்து கேப்பைக் கூழ், வெங்காயம். நான் எதையும் செய்வதில்லை, அது செய்கிறது, நான் கூடப் போகிறேன். குளியலறை வாசலில் இன்னும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன். நேராக நுழைந்தால் அவள் கால் கதவு நிலையில் இடிக்கும். இருபது வருஷமாக அப்படித்தான் நுழைந்தேன், இப்போது காலிக் கையோடு பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய் நிற்கிறேன், நின்ற பிறகுதான் எதற்கு இப்படி வந்தோம் என்று தோன்றுகிறது. போன வாரம் போனில் லேப்பிலிருந்து செய்தி வந்தது, உங்கள் ஆறு மாதப் பரிசோதனை நாள் நெருங்கிவிட்டது என்று. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன், காலையில்தான் கவனித்தேன். அவர் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். மத்தியானம்தான் டூட்டி. அவர் இப்போது டவுன் பஸ்தான் ஓட்டுகிறார். பதினெட்டு வருஷம் ஓட்டின பாபநாசம் ரூட்டை ஜனவரியில் டிப்போவில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கேட்காமல் இருப்பதில் நன்றாகத் தேறிவிட்டோம்.

எட்டு ஐந்து. எதிர் நாற்காலியில் மாசமாக இருக்கும் ஒரு சின்னப் பெண் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க முடியாமல் முகத்தைச் சுளிக்கிறாள். நானும் குடித்தேன், இதே மாதிரி, இதே மாதிரி முகத்தைச் சுளித்து. அங்கே பார்க்க வேண்டாம். காலைப் பார். கால் நன்றாக இருக்கிறது, தொடை இறுகிக் கிடக்கிறது, முன்பு இப்படி இல்லை. இரண்டரை வருஷத்துக்கு முந்தி இந்தத் தொடை தளர்ந்து, இடுப்பு பெருத்து, எடை எழுபத்தெட்டு. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். பிள்ளைக்குச் செய்கிற வேலையே உடற்பயிற்சிதானே என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வதுதான் என் சாப்பாடு. மதியச் சோறு நாலு மணிக்கு. சீனி போட்ட காப்பி ஐந்து தடவை, அது இருந்தால்தான் நிற்க முடிந்தது. அப்புறம் அந்த ஐப்பசி. மழை இல்லாத ஐப்பசி. காலை பத்து மணி இருக்கும், அவர் பாபநாசம் போயிருந்தார். உலகைக் குளிப்பாட்டித் துடைத்து, ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி நிமிரும்போது இடுப்பில் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா. இரண்டு காலும் இல்லாமல் போய்விட்டன. விழும்போது நான் அடியில் போனேன், அவளை மேலே விட்டேன். அதையும் நான் செய்யவில்லை, உடம்புதான் செய்தது. போன் அடுப்படியில். கத்தினேன். பக்கத்து வீட்டு மரகதம் மதினி வீட்டில் மிக்சி ஓடியது, மிக்சி நின்றதும் டி.வி. ஓடியது. பத்து மணியிலிருந்து அவர் டிரிப் முடிந்து சாப்பிட வந்த ஒன்றேகால் வரை ஈரத்தரையில் நான், என் மார்பின்மேல் முப்பத்தாறு கிலோ. அவள் சிரித்தாள். அதுதான். அம்மா ஏதோ விளையாட்டு காட்டுகிறாள் என்று நினைத்து, தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சத்தம், விக்கலும் கூவலும் சேர்ந்த மாதிரி, ஈர முடியை என் கழுத்தில் உரசிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துக் காட்டினேன், சிரித்தால் முதுகு பிளந்தது. அந்த மூன்றே கால் மணி நேரத்தில் எப்போதோ அந்த எண்ணம் வந்தது. இப்போது நான் செத்துப்போனால் இவள் இப்படியே என்மேல் கிடப்பாள். முதலில் சிரிப்பாள். அப்புறம் பசிக்கும். பசிக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. அப்புறம் நான் சில்லிட்டுப் போவேன், அவளுக்குக் குளிரும்.

பயம் அன்றைக்குத்தான் முதுகுத்தண்டில் ஏறியது, டிஸ்க் விலகினது அதற்கப்புறம்தான் என்று எனக்குத் தோன்றும். ஆஸ்பத்திரியில் பெல்ட் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வெயிட் தூக்கக்கூடாது என்றார்கள். வெயிட் என்றால் என் மகளா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, பிசியோதெரபிக்கு எழுதித் தாறேன், போய்ப் பாருங்க என்றார். அப்படித்தான் ஜெயசீலியிடம் போனேன். நாற்பது வயசு இருக்கும், குட்டைப் பெண், கையில் பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று மட்டும். மற்றவர்கள் முதுகைத் தொட்டுப் பார்த்தார்கள், இவள் நான் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், நடுவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறேன், கடைசியாக யாரோடு உட்கார்ந்து சும்மா பேசினேன் என்று கேட்டாள். "அக்கா, முதுகு மட்டும் தனியாக் கெட்டுப் போகாது. தூக்கம், சாப்பாடு, நடை, மனசு எல்லாம் சேந்துதான் கெடும். சேத்துத்தான் சரி பண்ணணும். நீங்க அவளைக் கையால தூக்குதீங்க. கை தூக்காது. தொடைதான் தூக்கும்" என்றாள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பழக்கினாள். குனியாதே, உட்கார், நெஞ்சோடு சேர்த்து அணை, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திரு. சீனியை விட்டேன். சோறு ஒரு வேளை. கம்பும் குதிரைவாலியும் கீரையும் வீட்டுக்குள் வந்தன. உலகைத் திருப்பிப் படுக்க வைக்க ஒரு முறை அவர் எழுந்திருப்பது, ஒரு முறை நான் என்று பிரித்துக்கொண்டோம். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஜெயசீலி வீட்டு மாடியில் என்னைப் போல நாலு அம்மாக்கள் சும்மா பேசிக்கொண்டிருப்போம், பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். மைதானத்துக்குப் போகிறபோது மரகதம் மதினி காதுபடவே, "இந்த வயசுல யாருக்குக் காட்ட இடுப்பைக் குறைக்கா?" என்றாள். எழுபத்தெட்டு அறுபத்தொன்று ஆனது. போன அக்டோபர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஜெயசீலி கைதட்டினாள். "அக்கா, முப்பத்தஞ்சு வயசுக்காரி ரத்தம்" என்றாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டே ரோட்டில் நடந்தேன். உலகு அறுபது வயசுவரை இருந்தால் எனக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு வயசும் ஒரு நாளும். அந்த ஒரு நாள் வேண்டும், அவளைக் குளிப்பாட்டி அனுப்பிவைக்க. அதற்குத்தான் இந்தக் கேப்பையும் இந்தத் தொடையும். அழகுக்கு இல்லை மதினி. நான் எண்பத்தெட்டு வயசுக் கிழவியாகி ஒரு அறுபது வயசுப் பிள்ளையைத் தூக்க வேண்டியிருந்தது.

எட்டு நாற்பது. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக் என்கிறது. விடுதலை. அந்தச் சொல்லும் இப்படித்தான், சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் டக் என்கிறது. துட்டி விசாரிக்க வந்த எல்லோரும் சொன்னார்கள், அவளுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை. சித்தப்பா சொன்னார், டிப்போக்காரர்கள் சொன்னார்கள், மரகதம் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நாலு ஊருக்குப் போயி வா செண்பகம், என்ன சுகத்தைக் கண்ட நீ" என்று அழுதாள். நல்ல மனுஷிதான், அழுகையும் நிஜம்தான். எல்லோரும் சொல்வதுபோல எங்கேயாவது போகலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன் கூட. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்த பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடைய சாப்பாட்டு நேரம். அங்கேயே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கு வழியாக நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன், ஜெயசீலி சொல்லிக்கொடுத்தபடி. அதை நான் வீட்டில் உலகு பக்கத்தில் படுத்துத்தான் பழகினேன். நான் நாலு எண்ணி இழுப்பேன், அவள் கண்ணை உருட்டி என் வயிறு உப்புவதைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் அவள் மூச்சும் என் மூச்சோடு சேர்ந்து மெதுவாக வர ஆரம்பித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக. இறுகிக் கிடக்கிற விரல்கள் தளர்ந்து விரியும். என் பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். டிசம்பர் மழையில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஏழாவது நாள் அவள் மூச்சு நாலுக்கும் ஆறுக்கும் அடங்கவில்லை, நான் பக்கத்தில் குனிந்து, பாரு உலகு, அம்மாவைப் பாரு, இழு, விடு என்று மூச்சு விட்டுக் காட்டினேன். அவள் பார்த்தாள். முயற்சி செய்தாள். அதை நான் பார்த்தேன். என்னைப் போலச் செய்ய வேண்டும் என்று முயற்சி செய்து, முடியாமல், மன்னித்துக்கொள் என்கிற மாதிரி ஒரு பார்வை. பேசத் தெரியாத பிள்ளைக்கு அப்படியெல்லாம் பார்க்கத் தெரியுமா. தெரியும். டாக்டர் வெளியே கூப்பிட்டு, "மெஷின்ல வைக்கலாம். வச்சா திரும்ப எடுக்க முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். இவர் பில்லுக்கோ மருந்துக்கோ கீழே போயிருந்தார். வராந்தாவில் நான் மட்டும். ஒரு கணக்குக்கு இரண்டு வழி இருக்கிறது என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். நான் அவளுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றால், ஒன்று நான் நீள வேண்டும், இல்லையென்றால் அவள் குறைய வேண்டும். இரண்டு வருஷமாக முதல் வழியையே போட்டேன், இரண்டாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்விட்டுக் கேட்டேன். எடுத்துக்கோ. நான் தெம்பா இருக்கும்போதே எடுத்துக்கோ. அதிலிருந்து இரண்டாவது நாள் எடுத்துக்கொண்டது.

அதைவிட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது, நினைக்கவும் கூடாது, ஆனால் ஒன்பது முப்பத்தைந்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, நினைப்பு அந்த வழியாகத்தான் போகும். அவளைக் கொண்டுபோய்விட்டு வந்த அன்றைக்கு நான் தூங்கினேன். பாயில் சாய்ந்தேன், ஒன்பதரை மணிக்கு, காலையில் ஐந்து மணிக்குக் கண் திறந்தேன். நடுவில் ஒரு தடவை கூட எழுந்திருக்கவில்லை. கனவும் இல்லை. இரண்டு வருஷமாகப் பழக்கின உடம்பு, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுக்கச் சொல்லிக்கொடுத்த உடம்பு, பிள்ளை போன அன்றைக்கும் ஏழரை மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, உட்கார்ந்து எழுவது இருபது என்று அடுப்படி மேடையைப் பிடித்தது. அப்படியே மேடையில் தலையை வைத்துக்கொண்டேன். என்ன பிறவி இது. அழுதால்கூட மூச்சு ஒழுங்காக வருகிறது. ஜெயசீலியிடம் போகவில்லை, அவள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள், உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன், இவர்தான் வாசலில் நின்று பொய் சொன்னார். அவளைப் பார்த்தால் என் தொடையைப் பார்ப்பாள். எவ்வளவு உறுதி அக்கா என்பாள். எதைத் தூக்க.

பேப்பர் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை, கண் மூடியிருக்கிறது, தூங்குகிறாரா. நான் குனிந்தேன், குனியாதே, உட்கார், ஆமாம், உட்கார்ந்துதான் எடுத்தேன், அப்போதுதான் அவர் கால் கண்ணில் பட்டது. ரப்பர் செருப்பு. இவர் எப்போதும் தோல் செருப்புதான் போடுவார், ரப்பர் செருப்பு கால் வழுக்கும், பிரேக்குக்கு ஆகாது என்பார். இடது கால் பெருவிரலில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருக்கிறது. துணியின் ஓரம் மஞ்சளும் கருப்புமாக நனைந்திருக்கிறது. நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே வீடு. ஒரே கூடம். எத்தனை நாளாக இந்தக் கால் என் முன்னால் நடந்திருக்கிறது. உலகுக்கு ஒரு நாள் முதுகில் ஒரு பைசா அளவு சிவந்தாலும் அந்த நாளே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. கையை நீட்டினேன், விழித்துக்கொண்டு காலை நாற்காலிக்கு அடியில் இழுத்தார். "என்ன இது?" என்றேன். "செருப்பு கடிச்சிருக்கு." "எத்தன நாளா?" "கொஞ்ச நாளாத்தான்." "எத்தன நாளான்னு கேட்டேன்." அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஒண்ணரை மாசம் இருக்கும்." "வலிக்கலையா?" "வலிக்கல. அதான் விட்டுட்டேன்." சர்க்கரைக்காரருக்கு வலிக்காத புண்ணை நான் ஜெயசீலியின் கூடத்தில் பார்த்திருக்கிறேன், விரல் இல்லாத காலோடு நடை பழகுகிறவர்களை. "மாத்திரை?" என்று கேட்டேன். அவர் காலை இன்னும் உள்ளே இழுத்தார். "மாத்திரை போடுதீங்களா இல்லையா?" "டிசம்பர்ல இருந்து போடல." "ஏன் சொல்லல என்கிட்ட?" அவர் குரலை உயர்த்தாமல், பஸ்ஸில் யாரோ இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வதுபோலச் சொன்னார், "ஆறுனா ஆறட்டும். ஆறாட்டா போட்டும் செண்பகம். இனி எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்தில் முதல் கோபம், அது நெஞ்சிலிருந்து வரவில்லை, தொடையிலிருந்து வந்தது, எழுந்து நின்றுவிட்டேன். மாசமாக இருக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நீங்களும் போறீங்களா, என்னை மட்டும் இந்தக் கல்லு மாதிரி உடம்போட விட்டுட்டு எல்லாரும் போறீங்களா என்று கத்தத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. உட்கார்ந்து, அவர் காதருகே, "நான்தான் கேட்டேன்" என்றேன். "என்ன?" "ஏழாம் நாள். நீங்க கீழ போயிருந்தீங்க. எடுத்துக்கோன்னு நான்தான் கேட்டேன். நான் கேட்டுத்தான் போனா." சொல்லி முடித்ததும் காதில் ஒரு இரைச்சல். மின்விசிறி டக் என்றது. இனி இந்த மனுஷன் எழுந்து வெளியே நடப்பார், படி இறங்குவார், நான் ஒன்பது முப்பத்தைந்து வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன், ரத்தம் கொடுப்பேன், ரிப்போர்ட் வரும், நன்றாக இருக்கிறது என்று வரும். அவர் எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற கை இரண்டையும் தொடைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஒரு தடவ கேட்ட" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். "பாபநாசத்துல பஸ்ஸைப் போட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவான். நான் போக மாட்டேன். சீட்டுலயே இருந்து கோயில் பக்கம் பாத்து அம்மன்ட்டக் கேப்பேன். உன் பேரைத்தான் அவளுக்கு வச்சிருக்கு, செண்பகத்துக்கு முந்தி அவளை நீ கூப்பிட்டுக்கோன்னு. நீ விழுந்து கெடந்தியே, அந்த வாரத்துலருந்து. ரெண்டு வருஷம். ஒரு டிரிப் விடல." அவர் உதடு கோணியது. "கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, என் சத்தம் கேட்டதும் கையைக் கையை ஆட்டும் பிள்ள. நான் குனிஞ்சு அவ கன்னத்துல மூஞ்ச வைப்பேன். எந்த மூஞ்சிய வச்சேன் செண்பகம்?" அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஐம்பத்தேழு வயசு மனுஷன், காக்கிச் சட்டைத் தோள், லேப் கூடத்தில் எல்லோர் முன்னாலும் குலுங்கியது. ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை என்று ஊர் சொன்னது. நான் அவர் முதுகில் கையை வைத்தேன். என்ன சொல்வது. நீங்கள் கேட்டதால் இல்லை என்று சொன்னால் நான் கேட்டதால் என்று ஆகும், நான் கேட்டதால் இல்லை என்றால், அப்போது யாரும் கேட்காமலே, சும்மா, ஒரு சளியில் போய்விட்டாள் என்று ஆகும். எது தாங்கும். எதுவும் தாங்கவில்லை. கை மட்டும் அவர் முதுகில் ஏறி இறங்கியது. எலும்பு தட்டியது. எவ்வளவு மெலிந்துவிட்டார். பேண்டை பெல்ட்டில் புது ஓட்டை போட்டு இறுக்கியிருக்கிறார். இப்போதுதான் பார்க்கிறேன்.

"செண்பகவல்லி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஒன்பது முப்பத்தைந்து. போனேன். இடது கையை நீட்டினேன், அந்தப் பெண் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தட்டி, "உங்களுக்கு நரம்பு உடனே கெடைச்சிருதும்மா" என்றாள். குழாயில் என் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறியது. கர்ட்டன் விலகியது. அவர் உள்ளே வந்து நின்றார், முகத்தைக் கழுவியிருந்தார், சட்டைக் காலரெல்லாம் ஈரம். "எனக்கும் எடுக்கணும்" என்றார் அந்தப் பெண்ணிடம். "சாப்பிட்டாச்சா சார்?" "பூரி சாப்பிட்டேன்." "அப்போ இன்னைக்கு ஆகாது. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க. ஏழு மணிக்குள்ள." "வாறேன்" என்றார். நான் அவர் காலைக் காட்டினேன், விரல் புண்ணு, ஒண்ணரை மாசம், சுகர் உண்டு என்றேன். அவள் எட்டிப் பார்த்து முகம் மாறி, "இதுக்கு நாளைக்கு வரைக்கும் இருக்காதீங்கம்மா, இப்பமே டாக்டர்ட்ட காட்டுங்க. பெரியாஸ்பத்திரில சுகர் காலுக்குன்னே பாக்காங்க" என்றாள். காட்டுகிறோம் என்றேன். இப்பவே போறோம் என்றேன். டூட்டிக்கு லீவு சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன், அவர் சட்டைப் பையில் போனைத் தேடினார். அந்தப் பெண் நாளைக்கு வேண்டிய பாரத்தை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பேரு? ஆவுடையப்பன். வயசு? அம்பத்தேழு. அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா? அம்மாவுக்கு உண்டு. எத்தனை வருஷமா மாத்திரை? அவர் என்னைப் பார்த்தார், ஒன்பது என்றேன் நான். அவள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "பிள்ளைங்க?" என்றாள். அவர் வாய் திறந்தது. பேனா காத்திருந்தது. நான் பஞ்சை மடிப்பில் வைத்துக் கையை மடக்கிக்கொண்டேன். "ஒண்ணு" என்றேன். "பையனா, பொண்ணா?" "பொண்ணு." சரி என்று அவள் எழுதிக்கொண்டாள்.